மோட்டாருக்குத் தனி ஆப்ஜெக்ட் வேண்டுமா? சிஆர்எம் மென்பொருளில் எதைப் பிரிப்பது, எதை விடுவது

பொள்ளாச்சியில் கடை. கோபாலபுரம் தாண்டிக் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரைக்கும் வாடிக்கையாளர்கள். சப்மெர்சிபிள் மோட்டாரும் சொட்டுநீர்ச் சாமானும் விற்பனை, கூடவே சர்வீஸ். இப்படி ஒரு கடையை வைத்துக்கொண்டு பேசுவோம். பில் புத்தகத்திலும் சர்வீஸ் நோட்டிலும் மெக்கானிக்கின் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடப்பதை ஒரு சிஆர்எம்முக்குள், அதாவது வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளுக்குள், ஏற்ற வேண்டும். வேலையை ஆரம்பித்த உடனேயே வரும் கேள்வி இதுதான்: மோட்டாருக்குத் தனி ஆப்ஜெக்ட் (தனி வகைப் பதிவு) போடுவதா, வாடிக்கையாளர் பக்கத்திலேயே நாலு ஃபீல்டு (தகவல் கட்டம்) கூட்டிவிட்டுப் போவதா?

சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம்களில் இதற்குக் கஸ்டம் ஆப்ஜெக்ட் என்று பெயர். ஸோஹோவில் கஸ்டம் மாட்யூல். மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸில் டேபிள். விஷயம் ஒன்றுதான். மென்பொருளோடு வரும் வாடிக்கையாளர், நிறுவனம், டீல் (விற்பனைப் பேச்சு), டிக்கெட் (சர்வீஸ் புகார்) ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நாமே ஒரு புது வகைப் பதிவை உண்டாக்குகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த அளவுக் கடைக்கு ஒரு கஸ்டம் ஆப்ஜெக்ட் போதும், மிஞ்சினால் இரண்டு. ஆறு, ஏழு என்று போட்டு வைத்த இடங்களில் பாதி காலியாகத்தான் கிடக்கும்.

மோட்டார் ஏன் தனியாக நிற்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பெரிய தோப்புக்காரர் ஒருவரிடம் மூன்று போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கும், மூன்று மோட்டார் ஓடும், எரிந்து மாற்றியது இரண்டு ஷெட்டில் கிடக்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் 'மோட்டார் 1 சீரியல்', 'மோட்டார் 1 பில் தேதி', 'மோட்டார் 2 சீரியல்' என்று அடுக்கினால் நாலாவது மோட்டார் வரும் அன்று மாட்டிக்கொள்வீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ரிப்போர்ட்டில். 'இந்த மாதம் வாரன்டி முடியும் மோட்டார்கள்' என்று கேட்டால் மூன்று தனித்தனி ஃபீல்டுகளில் தேட வேண்டும். மூன்றாவது மோட்டாருக்கு மட்டும் வாரன்டி முடிந்தாலும் மூன்றும் சேர்ந்த வரிதான் வந்து நிற்கும். ஒரே பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்டு ஃபீல்டு வைக்கக் கை போகிறது என்றாலே, அது தனி ஆப்ஜெக்ட்டாக வேண்டிய சரக்கு என்று அர்த்தம்.

அடுத்தது, மோட்டாருக்கென்று தனியாக ஒரு ஓட்டம் இருக்கிறது. பில் ஆன நாள், போரில் இறக்கிய நாள், முதல் தடவை வைண்டிங் எரிந்த நாள், ரீவைண்டிங் முடித்து மறுபடி இறக்கிய நாள், கடைசியில் பழைய இரும்புக்குப் போன நாள். இவற்றில் எதுவும் வாடிக்கையாளரின் தேதி இல்லை. அவருடைய பிறந்த நாளுக்கும் மோட்டார் எரிந்ததற்கும் சம்பந்தம் கிடையாது.

மூன்றாவதுதான் இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம். மோட்டார் கை மாறும். தோப்பை விற்றால் போரோடு மோட்டாரும் போய்விடுகிறது. பாகப்பிரிவினை என்றால் அண்ணன் பெயரில் இருந்தது தம்பி பெயருக்கு வரும். வாடிக்கையாளர் பக்கத்தில் ஃபீல்டாக வைத்திருந்தால் தோப்பு கை மாறிய அன்றே அந்த மோட்டாரின் பழைய சர்வீஸ் கதை பழைய ஆளோடு தங்கிவிடும். புது ஆள் போன் செய்யும்போது கடையில் ஒன்றும் தெரியாது. தனிப் பதிவாக இருந்தால் உரிமையாளர் என்ற ஒரு லுக்அப்பை (இன்னொரு பதிவைச் சுட்டும் ஃபீல்டை) மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் தனி ஆப்ஜெக்ட் போடும் முன் மென்பொருளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் அசெட் என்று ஒன்று கூடவே வருகிறது. சீரியல் எண், வாங்கிய தேதி, நிறுவிய தேதி, நிலை, எந்த வாடிக்கையாளருடையது, எந்த மாடல் எல்லாம் அதில் உண்டு. சர்வீஸ் புகாரை, அதாவது கேஸை, அதோடு நேரடியாகக் கட்டலாம். அது இருக்கும்போது 'மோட்டார்' என்று புதிதாக ஒன்றைக் கட்டுவது வீண் வேலை. அசெட்டின் பெயரைத் திரையில் 'மோட்டார்' என்று மாற்றிக்கொண்டு, எச்பி, ஸ்டேஜ், இறக்கிய ஆழம் என்று சில ஃபீல்டுகளை மட்டும் கூட்டினால் முடிந்தது. ஸோஹோ சிஆர்எம்மில் இதற்குக் கஸ்டம் மாட்யூல் போடுவதுதான் நேரான வழி. ஹப்ஸ்பாட்டில் கஸ்டம் ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால் என்டர்பிரைஸ் திட்டம் வாங்க வேண்டும். ஒரே ஒரு மோட்டார் பதிவுக்காக அந்த விலை கொடுப்பது இந்த அளவுக் கடைக்குக் கட்டாது. சிலர் டிக்கெட்டையே மோட்டாராக வேடம் போட வைக்கிறார்கள். மூடவே மூடாத டிக்கெட்டுகள் நூற்றுக்கணக்கில் நின்று, நிஜப் புகார் எத்தனை பாக்கி என்றே தெரியாமல் போகும். அந்த நிலைமை வந்தால் வேறு மென்பொருளுக்குப் போவதே மேல்.

புராடக்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதையே மோட்டாருக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கூடாது. புராடக்ட் என்பது மாடல்: 5 எச்பி, 20 ஸ்டேஜ், இன்ன விலை. மோட்டார் என்பது அந்த மாடலில் ஒரு குறிப்பிட்ட உருப்படி, அதற்கென்று ஒரு சீரியல் எண் உண்டு. இரண்டையும் குழப்பினால் விலைப்பட்டியலில் எண்ணூறு வரி வந்து உட்காரும், கொட்டேஷன் போடுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் முழிப்பார்.

சீரியல் எண் பற்றி ஒன்று. மோட்டாரின் பெயர்த் தகட்டில் இருக்கும் அந்த எண்ணை, மோட்டார் ஆழத்துக்குள் இறங்கிய பிறகு யாராலும் படிக்க முடியாது. அதனால் பில் போடும்போதே பதிவைத் திறந்துவிட வேண்டும், 'அப்புறம் மெக்கானிக் எழுதிக்கொண்டு வருவான்' என்று விட்டால் அந்த ஃபீல்டு காலியாகவே இருக்கும். மோட்டார் பதிவுக்கு மென்பொருளே வரிசை எண் போடட்டும், கம்பெனி சீரியலைத் தனி ஃபீல்டாக வைத்து 'ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது' என்ற விதியைப் போடுங்கள். அந்த வரிசை எண்ணை பேனல் போர்டின் உள்கதவில் பெயின்ட் மார்க்கரால் எழுதி வைத்தால் போனில் கூப்பிடுகிறவர் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, 'எந்த சுப்பிரமணியம்' என்று கேட்கிற வேலை மிச்சம்.

இனி சர்வீஸ். இதற்குத் தனி ஆப்ஜெக்ட் வேண்டாம், டிக்கெட்டோ கேஸோ ஏற்கெனவே இருக்கிறது, அதை மோட்டாரோடு கட்டினால் போதும். சர்வீஸை டீலாகப் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது, பணம் வருவதால் டீல்தானே என்ற நினைப்பு. அப்படிச் செய்தால் ரீவைண்டிங்குக்கு வந்த சில ஆயிரங்களும் புது மோட்டார் விற்பனையும் ஒரே பைப்லைனில் (டீல்கள் நிலை நிலையாக நகரும் வரிசையில்) கலந்துவிடும், விற்பனை எவ்வளவு சதவீதம் முடிகிறது என்ற கணக்கு பொய்யாகிவிடும். ஏனென்றால் எரிந்த மோட்டார் கிட்டத்தட்ட எப்போதும் வேலைக்கு வந்துவிடும், புது மோட்டாருக்குக் கொட்டேஷன் வாங்கியவர் பாதிப் பேர் வேறு கடைக்குப் போவார்.

நீர்மட்டம், ஆம்பியர், வோல்டேஜ் இவற்றுக்கு 'அளவீடு' என்று இன்னொரு ஆப்ஜெக்ட் போட ஆசை வரும். மெக்கானிக் போரைப் பார்ப்பதே சர்வீஸுக்குப் போகும்போதுதான். அளவும் அதே தேதிக்கு உரியது. அதை சர்வீஸ் பதிவில் மூன்று ஃபீல்டாக வைத்தால் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் உள்ள வித்தியாசம் தானாகவே ரிப்போர்ட்டில் தெரியும். மோட்டார் பதிவில் மட்டும் வைத்தால் ஒவ்வொரு தடவையும் பழைய அளவு அழிந்து புதியது உட்காரும். பழசு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறுத்துத்தான் எங்கே வைப்பது என்பது.

சொட்டுநீர் மானிய விண்ணப்பம் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று என்று காகிதம் நிறைய, கட்டங்களும் நிறைய. பார்த்தவுடன் தனி ஆப்ஜெக்ட் போலத்தான் தெரியும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு விற்பனைக்கு ஒரு விண்ணப்பம், ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு விற்பனை. ஒன்றுக்கு ஒன்று என்றால் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஊழியர் ஒரே தகவலை இரண்டு பக்கத்தில் அடிக்க வேண்டும், அவர் இரண்டாவதை அடிக்கவே மாட்டார். டீலுக்கே 'மானியம்' என்று தனிப் பைப்லைன் போட்டு, விண்ணப்பம், ஆய்வு, பணி ஆணை, நிறுவல், பணம் வரவு என்று நிலைகளை வைத்தால் வேலை நடக்கும். பாலக்காட்டுப் பக்கம் கேரள வேளாண் அலுவலகமான கிருஷி பவன் வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்குக் காகிதம் வேறு, நிலைகளும் வேறு. அதற்கு இன்னொரு பைப்லைன் போதும், இன்னொரு ஆப்ஜெக்ட் வேண்டாம்.

எல்லையில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். தமிழ்நாட்டு நிலத்துக்குப் பட்டா எண், உட்பிரிவோடு சர்வே எண். கேரள நிலத்துக்குத் தண்டப்பேர் எண் (நில வரிக் கணக்கு எண்), பிளாக் எண், ரீசர்வே எண், கரம் அடைத்த (நில வரி கட்டிய) ரசீது. மின் இணைப்பு எண்ணும் வேறு: கேரள மின்வாரியத்தின் நுகர்வோர் எண் 13 இலக்கம், இங்கே அப்படி இல்லை. உடனே 'தமிழ்நாட்டுத் தோப்பு', 'கேரளத் தோப்பு' என்று இரண்டு ஆப்ஜெக்ட் போட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இரண்டு, ஒவ்வொரு லுக்அப்பும் இரண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் தோப்பு இருந்தால் மொத்த ஏக்கர் கூட்ட எக்செல்லைத் திறக்க வேண்டியதுதான். பொருள் ஒன்றுதான், காகிதம்தான் வேறு. ஒரே ஆப்ஜெக்ட், மாநிலம் என்று ஒரு ஃபீல்டு, அதைப் பொறுத்துத் திரையில் எந்த ஃபீல்டு தெரிய வேண்டும் என்று இரண்டு லேஅவுட். சேல்ஸ்ஃபோர்ஸில் ரெக்கார்டு டைப் இதற்காகவே இருக்கிறது, ஸோஹோவிலும் லேஅவுட்டுகளைப் பிரிக்கலாம்.

தோப்புக்கே தனி ஆப்ஜெக்ட் வேண்டுமா என்பதில் அவசரப்பட வேண்டாம். முதலில் மோட்டார் பதிவிலேயே ஊர், சர்வே எண், போர் ஆழம் என்று வைத்து ஓட்டுங்கள். ஒரே தோப்பின் விவரத்தை மூன்று மோட்டார் பதிவுகளில் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள், அதிலும் ஒன்றுக்கொன்று மாறி வருகிறது என்று தெரிந்தால் அப்போது பிரிக்கலாம். அல்லது குத்தகை வந்தால்.

குத்தகை வந்தால் கதை மாறும். தோப்பு ஒருவருடையது, காய் வெட்டுக்குக் குத்தகை எடுத்தவர் வேறு, பங்காளி இரண்டு பேர், தோப்பிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். மோட்டார் எரிந்தால் போன் செய்வது தோப்பில் இருப்பவர், பணம் தருவது உரிமையாளரா குத்தகைக்காரரா என்பது அவர்கள் பேசிக்கொண்டதைப் பொறுத்தது. ஒரு தோப்புக்குப் பல பேர், ஒருவருக்குப் பல தோப்பு. இதை ஒரு லுக்அப் தாங்காது. சேல்ஸ்ஃபோர்ஸில் நடுவில் ஒரு ஜங்ஷன் ஆப்ஜெக்ட் போட்டு ஆளையும் தோப்பையும் இணைக்க வேண்டும். ஸோஹோவில் மல்டி செலக்ட் லுக்அப் போட்டால் அந்த நடு மாட்யூலை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ஹப்ஸ்பாட்டில் அசோசியேஷனுக்கு (பதிவுகளுக்கு இடையிலான இணைப்புக்கு) லேபிள் கொடுத்தால் 'உரிமையாளர்', 'குத்தகைதாரர்' என்று பிரித்துக் காட்டலாம். நடுப் பதிவில் மூன்று ஃபீல்டு கட்டாயம்: என்ன உறவு, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. குத்தகை முடிந்தால் வரியை அழிக்காமல் முடிவுத் தேதியைப் போடுங்கள். போன வருட பாக்கியை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அந்தத் தேதிதான் பதில் சொல்லும்.

நார் மில், எண்ணெய் மில் போன்ற நிறுவன வாடிக்கையாளர்களுக்கு இரண்டு மாநிலத்திலும் யூனிட் இருக்கும். ஜிஎஸ்டி எண் இரண்டு. 'ஜிஎஸ்டி பதிவு' என்று கஸ்டம் ஆப்ஜெக்ட் போடச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். தேவையில்லை. நிறுவனத்துக்கே தாய் நிறுவனம் என்ற ஃபீல்டு பெரும்பாலான சிஆர்எம்களில் இருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டையும் தனி நிறுவனப் பதிவாகப் போட்டு, மேலே ஒரு தாய்ப் பதிவோடு கட்டுங்கள். ஏனென்றால் பில், பாக்கி, டெலிவரி முகவரி எல்லாமே ஜிஎஸ்டி எண் வாரியாகத்தான் ஓடுகின்றன. பொள்ளாச்சிக் கடையிலிருந்து 33இல் தொடங்கும் யூனிட்டுக்கு அனுப்பினால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், கேரளத்தில் 32இல் தொடங்கும் யூனிட்டுக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை உள்ளது பான் எண். அதைப் பிரித்தெடுக்க ஒரு ஃபார்முலா ஃபீல்டு போட்டால் ஒரே பான் உள்ள இரண்டு யூனிட்டுகள் தானாகவே பிடிபடும். பெயரை வைத்துத் தேடினால் பிடிபடாது, அங்கே ஒரு எழுத்துக்கூட்டல், இங்கே ஒரு எழுத்துக்கூட்டல். இ-வே பில், ஸ்டாக், கணக்கு இவற்றை சிஆர்எம்முக்குள் இழுக்காதீர்கள். அவை கணக்கு மென்பொருளான டாலியில் இருக்கட்டும், பில் எண் மட்டும் இங்கே ஒரு ஃபீல்டு.

உறவை எப்படிக் கட்டுவது என்பதில் ஒரு தவறு நடந்தால் திருத்துவது சிரமம். சேல்ஸ்ஃபோர்ஸில் கஸ்டம் ஆப்ஜெக்ட் கட்டும்போது மாஸ்டர்-டீடெய்ல், லுக்அப் என்று இரண்டு வகை கேட்கும். மாஸ்டர்-டீடெய்லில் மேல் பதிவை அழித்தால் கீழ்ப் பதிவுகளும் சேர்ந்து அழியும். மோட்டாரை வாடிக்கையாளருக்குக் கீழே அப்படிக் கட்டினால், இரட்டைப் பெயர்களைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது ஒரு வாடிக்கையாளரை நீக்கும்போது அவருடைய ஐந்து மோட்டாரும் போய்விடும். ரீசைக்கிள் பின்னில் 15 நாள் இருக்கும், அதற்குள் கண்ணில் பட வேண்டும். கை மாறும் பொருளுக்கு எப்போதும் லுக்அப், கூடவே 'இணைந்த பதிவு இருந்தால் நீக்க விடாதே' என்ற தேர்வு. அப்படியென்றால் மாஸ்டர்-டீடெய்ல் எதற்கு? எண்ணிக்கை, கூட்டுத்தொகை, கடைசித் தேதி இவற்றை மேல் பதிவில் காட்டும் ரோல்-அப் சம்மரி ஃபீல்டு அதில்தான் வரும். ஒரு ரீவைண்டிங் வேலைக்குக் கீழே செம்புக் கம்பி, புஷ், பேரிங் என்று செலவு வரிகள் வைத்தால் அவற்றை மாஸ்டர்-டீடெய்லில் கட்டலாம். வேலை இல்லாமல் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது, எவருக்கும் கை மாறவும் போவதில்லை. ஸோஹோவில் இதே வரிகளுக்கு, பதிவுக்குள்ளேயே வரும் வரிப் பட்டியலான சப்ஃபார்ம் சரியாக இருக்கும். ஆனால் தனியாக ஆள் நியமித்து, நிலை மாற்றி, நினைவூட்டல் அனுப்பிப் பின்தொடர வேண்டிய எதையும் சப்ஃபார்மில் அடைக்காதீர்கள்.

கட்டுவதற்கு முன் எக்செல்லில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஒரு ஷீட்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட், பில் புத்தகத்திலிருந்து நிஜமான முப்பது வரி. கேரளப் பக்கம் பத்து, குத்தகைத் தோப்பு ஐந்து, கை மாறிய மோட்டார் குறைந்தது இரண்டு அதில் இருக்கட்டும். சுலபமான வரிகளை வைத்து ஒத்திகை பார்த்தால் எந்த வடிவமும் சரியாகத்தான் தெரியும். அப்புறம் கடையில் தினமும் கேட்கும் ஐந்து கேள்விகளை எழுதி, இந்த ஷீட்டுகளிலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ஷீட்டைத் தொடாமலே ஐந்துக்கும் பதில் வந்தால் அந்த ஆப்ஜெக்ட் வேண்டாம்.

தரவை ஏற்றும் வரிசை மாறக்கூடாது: வாடிக்கையாளர், பிறகு தோப்பு (தனியாகப் பிரித்திருந்தால்), பிறகு மோட்டார், கடைசியில் சர்வீஸ். கீழே இருப்பதை முதலில் ஏற்றினால் லுக்அப் காலியாக நிற்கும். சீரியல் எண் உள்ள நெடுவரிசையை எக்செல்லில் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிய பிறகே எண்களை ஒட்டுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சமெல்லாம் பூஜ்யமாகிவிடும், இலக்கங்களுக்கு நடுவே 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வரும் சீரியலை எக்செல் பெரிய எண்ணாக நினைத்துச் சுருக்கிவிடும். தேதியில் நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா என்பதை ஐந்து வரி ஏற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 12ஆம் தேதி வரைக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது.

ஆப்ஜெக்ட்டின் உள் பெயரை யோசித்து வையுங்கள். ஹப்ஸ்பாட்டில் உண்டாக்கிய பிறகு அதை மாற்ற முடியாது, சேல்ஸ்ஃபோர்ஸில் மாற்றினால் அதை நம்பி ஓடும் இணைப்புகள் உடையும். திரையில் தெரியும் பெயரை எப்போது வேண்டுமானாலும் தமிழில் மாற்றிக்கொள்ளலாம்.

வேண்டாத ஆப்ஜெக்ட் ஏற்கெனவே இருந்தால் உடனே அழிக்க வேண்டாம். முதலில் அதன் டேபை எல்லோர் திரையிலிருந்தும் மறைத்துவிட்டு ஒரு மாதம் விடுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் எல்லாப் பதிவையும் சிஎஸ்வியாக இறக்கி வைத்துக்கொண்டு, அதைத் தொடும் ரிப்போர்ட், ஃபார்முலா, ஆட்டோமேஷன் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் நீக்கிய கஸ்டம் ஆப்ஜெக்ட் 15 நாள் வரை நீக்கியவை பட்டியலில் இருக்கும், அதற்குள் மீட்கலாம்.